ஆறு மாதம் சவாரி பழகியவர் இரண்டரை வயதுக் குட்டியை வாங்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவு: பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் ஓசூருக்குப் போய்ச் சவாரி பழகுகிறீர்கள். எடை 72 கிலோ. வரும் ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் இரண்டரை வயது வெள்ளை நொக்ரா ஆண் குட்டி ஒன்றை வாங்கி, அதுவும் நீங்களும் சேர்ந்தே கற்றுக்கொள்ள நினைக்கிறீர்கள். எந்த இனம் நல்லது, ஏமாறாமல் இருக்க எதையெல்லாம் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இனத்தைக் கேட்டாலும் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு. நடையும் டிராட்டும் (துள்ளோட்டம்) வந்து, கேன்டரில் (நிதானமான பாய்ச்சல்) இன்னும் லகானைப் பிடித்துத் தொங்கும் நிலையில் உள்ள ஒருவரை எந்தக் குதிரை பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் அது. 8 வயதுக்கு மேல் 15-க்குள், காயடித்த ஆண் அல்லது அமைதியான பெண் குதிரை, 58 முதல் 62 அங்குல உயரம், குறைந்தது இரண்டு வருடமாவது பலபேர் ஏறி இறங்கியது. நிறமும் இனமும் அதற்குப் பிறகு. குட்டி வேண்டாம்.

நம் பக்கம் புதுக் காளையை ஏருக்குப் பழக்கும்போது பழகிய மாட்டோடு சேர்த்துத்தான் நுகத்தில் பூட்டுவார்கள். இரண்டையும் புதுசாகப் பூட்டி உழக் கற்றுக்கொடுக்கும் ஆளைப் பார்த்திருக்க மாட்டீர்கள். சவாரியிலும் அதே கணக்கு. காலால் அழுத்துகிறோம், குதிரை முன்னே போகிறது, உடனே காலைத் தளர்த்துகிறோம். அந்தத் தளர்வில்தான் குதிரை பாடம் படிக்கிறது. பழகுபவரின் கால் டிராட்டில் ஓயாமல் விலாவில் தட்டிக்கொண்டிருக்கும், நிலை தடுமாறும்போதெல்லாம் கை லகானை இழுக்கும். பழகிய குதிரை இதை இரைச்சலாக எடுத்துக்கொண்டு விட்டுவிடும். குட்டியோ ஒவ்வொன்றையும் பாடமாகப் படிக்கும்: கால் பட்டால் கவனிக்க வேண்டியதில்லை, தலையைத் தூக்கினால் வாய் வலிக்காது, ஒரு முறை துள்ளினால் முதுகு காலியாகிவிடும். மூன்றாவதைப் படித்துவிட்ட குதிரையைத் திருத்தத் தேர்ந்தவருக்கே பல மாதம் ஆகும். எலும்பும் ஒரு காரணம். முதுகெலும்பு 5, 6 வயதில்தான் முழு வளர்ச்சிக்கு வருகிறது. சந்தையில் இரண்டு வயதிலேயே சேணம் போட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள் என்பதால் அது 72 கிலோவைத் தினமும் சுமக்கத் தயார் என்று ஆகாது. இதோடு அது காயடிக்காத ஆண். மூன்று வயது தாண்டியதும் பக்கத்து ஊர் வழியே ஒரு பெண் குதிரை போனால் போதும், உங்கள் கையில் இருப்பது வேறு பிராணி. வட இந்திய இனங்களில் ஆணைக் காயடிக்காமலே வைத்திருப்பது வழக்கம் என்பதால், சந்தையில் பார்க்கும் ஆண் குதிரைகள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

இனத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காது நுனி உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரியும் கத்தியவாரும் நம் வெயிலையும் காய்ந்த தீவனத்தையும் தாங்கும், குளம்பு கெட்டி. ஆனால் உணர்ச்சி கூர்மை; சின்னச் சத்தத்துக்கும் நிமிரும். நொக்ரா என்பது பிறவியிலேயே வெள்ளை, தோலும் இளஞ்சிவப்பு. தர்மபுரி வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்து புண்ணாகும், நிழலும் கவனிப்பும் கூடுதலாக வேண்டும். கறுப்புத் தோலில் வெள்ளை முடி இருந்தால் அது பிறப்பில் வேறு நிறமாக இருந்து வயதாக ஆக நரைத்தது. அந்த வகையில் வாலுக்கு அடியில் கறுப்புக் கட்டிகள் இருக்கின்றனவா என்று வாலைத் தூக்கிப் பாருங்கள், வயதான நரைக் குதிரைகளுக்கு அது மிகச் சாதாரணமாக வரும் தோல் புற்று. பெங்களூரு பந்தய மைதானத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் ஓசூர் வழியாக மலிவாகவே கிடைக்கும். உயரம், அழகு எல்லாம் இருக்கும். பந்தயக் குதிரைக்கு லகானை இறுக்கினால் ‘சாய்ந்துகொண்டு இன்னும் ஓடு’ என்று அர்த்தம். பயந்து இழுக்கும் புதியவருக்கு இதைவிடப் பொருந்தாத குதிரை இல்லை. ஒரு தேர்ந்த பயிற்சியாளர் ஒரு வருடம் மறுபயிற்சி கொடுத்து, அதன் பிறகு பழகுநர்கள் ஏறியிருந்தால் பார்க்கலாம். நாட்டு மட்டக்குதிரை குழந்தைக்கு உகந்தது, உங்கள் எடைக்கு ஆகாது. சுழி விஷயம் வரும். நெற்றியில், கழுத்தில், மார்பில் எங்கே சுழி விழுந்தால் ராசி என்று வைத்தே சந்தையில் விலை ஏறி இறங்கும். நடத்தைக்கும் உடல்நலத்துக்கும் அதில் எதுவும் கிடையாது. ‘கெட்ட சுழி’ என்று ஒதுக்கிய நல்ல குதிரை மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் நாளை விற்கும்போது அதே தள்ளுபடியை நீங்களும் கொடுக்க வேண்டியிருக்கும்.

சந்தையில் கூட்டம் கூடி நிற்பது ஆட்டக் குதிரையைச் சுற்றி. மேளத்துக்குக் கால் தூக்கிக் குதிக்கும் அந்தக் குதிரைக்கு, காலும் கையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் ‘ஆடு’ என்று பழக்கியிருப்பார்கள். பதற்றத்தில் நீங்கள் செய்யப்போவதும் அதையேதான். ரேக்ளா வண்டியில் ஓடிய குதிரைக்குப் பின்னால் எதையாவது கேட்டால் வேகமெடுக்கும் பழக்கம். இவற்றை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, முதல் குதிரையாக வேண்டாம். எந்தக் குதிரையானாலும் வாய்க்குள் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கழற்றிப் பாருங்கள். முள் வைத்த கடிவாளமாக இருந்தால் உதட்டோரமும் நாக்கும் தழும்பேறியிருக்கும். 1965-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டது. சட்டத்தை விடுங்கள், முள் இல்லாமல் நிற்காத குதிரை உங்கள் சாதாரணக் கடிவாளத்துக்கு நிற்கப்போவதில்லை.

எடையைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். ஆளும் சேணமும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், பழகுபவர் என்றால் அதற்கும் குறைவு நல்லது. தையல்காரர் நாடா ஒன்று எடுத்துப் போங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி எத்தனை சென்டிமீட்டர், மார்பு முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, சுற்றளவை சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 165, நீளம் 150 என்றால் 344 கிலோ; அது சுமக்கலாம் என்பது 69 கிலோ. நீங்களும் 8 கிலோ சேணமும் சேர்ந்தால் 80. அதனால் 400 கிலோவுக்குக் குறையாமல் தேடுங்கள்.

பார்க்கப் போகும்போது நேரம் சொல்லாமல், அல்லது சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். குதிரை ஏற்கனவே வேர்த்து நனைந்து நின்றால், துள்ளல் அடங்கும் வரை ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். கீழுதடு தொங்கி, கண் பாதி மூடி, பின்கால் லேசாகத் தள்ளாடி, ஆணாக இருந்தால் குறி வெளியே தொங்கிக்கொண்டிருந்தால் மயக்க மருந்தைச் சந்தேகியுங்கள். முதல் பத்து நிமிடம் தொடாமல் தள்ளி நின்று பாருங்கள். பின்காலை மாற்றி மாற்றித் தளர்த்தி நிற்பது இயல்பு. ஒரே முன்காலை முன்னே நீட்டி வைத்து நின்றால் அங்கே வலி. கட்டிய இடத்தில் இடமும் வலமும் ஓயாமல் ஆடுவது, கட்டையைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குவது இரண்டும் விட்டுப்போகாத பழக்கங்கள். பிறகு நீங்களே தலைக்கயிறு போட்டு, நடத்தி, நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். குளம்பின் நடுவில் ரப்பர் போன்ற முக்கோணப் பகுதி அழுகி நாறினால் ஈரத்தில் கட்டிப் பராமரிக்காமல் விட்டது, சரி செய்துவிடலாம். குளம்புச் சுவரில் பின்பக்கம் அகன்று முன்பக்கம் நெருங்கும் வளையங்கள் இருந்தால் முன்பு குளம்பு வீக்கம் வந்திருக்கலாம். அது மறுபடியும் வரும் நோய். முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாரை இரண்டு காலிலும் மாறி மாறி விரலால் உருவிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் வில் போல் புடைப்போ சூடோ இருந்தால் பழைய நார் முறிவு, பந்தயக் குதிரைகளில் அடிக்கடி காண்பது.

வயதை விற்பவர் வாயால் கேட்காமல் குதிரை வாயில் பாருங்கள். முன்வரிசைப் பால்பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக விழுந்து, ஐந்தில் வரிசை நிறையும். கீழ்ப்பற்களின் மேல்தளக் குழி நடுவில் இருந்து தொடங்கி 6, 7, 8 வயதில் முறையே மறையும். அதுவரை இந்தக் கணக்கை நம்பலாம். அதற்கு மேல், மேல்வரிசை ஓரப்பல்லில் 10 வயதில் ஈறோரம் ஒரு கோடு தோன்றி, 15-இல் பாதிப் பல், 20-இல் முழுப் பல் நீளத்துக்கு இறங்கும் என்பது புத்தகக் கணக்கு. மண் கலந்த காய்ந்த பயிர்த் தாளைத் தின்ற குதிரைக்குப் பல் வேகமாகத் தேயும், கட்டை கவ்வும் குதிரைக்கு விளிம்பே போயிருக்கும். ஆகவே பத்துக்கு மேல் யார் சொன்னாலும் இரண்டு மூன்று வருடம் முன்பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு 12-க்கும் 14-க்கும் வித்தியாசம் இல்லை, ஆனால் 12 என்று சொல்லி 19-ஐ விற்பது நடக்கும். கண்ணில் கைவிளக்கு அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள். வெண்புகை படிந்திருக்கிறதா, விழிக்குள் இருக்கும் நீரில் வெள்ளை நூல் போல் எதுவும் நெளிகிறதா. கண்ணில் புழு நம் நாட்டுக் குதிரைகளுக்கு அரிதல்ல. நடந்துகொண்டிருக்கும்போது வாலைப் பக்கவாட்டில் இழுத்தால் குதிரை எதிர்த்து நிற்க வேண்டும். உங்கள் பக்கமே சரிந்து வந்தால் பின்பகுதி நரம்பில் பிரச்சினை.

நொண்டலைப் பார்க்கச் சிமெண்ட் தரையோ தார்ச்சாலையோ வேண்டும். சந்தை மண்ணில் தெரியாது. கயிற்றைத் தளர்வாக விட்டு 30 மீட்டர் டிராட் ஓட்டச் சொல்லுங்கள். தலை ஒரே சீராக இருக்க வேண்டும். வலியுள்ள முன்கால் தரையில் படும்போது தலை மேலே போகும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். கயிற்றை இறுக்கிப் பிடித்து ஓட்டுபவர் இதை மறைக்கத்தான் இறுக்குகிறார். பிறகு இரண்டு பக்கமும் சிறு வட்டம். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் செல்பேசியில் எடுத்து வேகம் குறைத்துப் பாருங்கள்.

ஏறுவதற்கு முன் விற்பவர் ஏறட்டும், அடுத்து உங்கள் பயிற்சியாளர், கடைசியில் நீங்கள். விற்பவர் ஏறத் தயங்கும் குதிரையில் நீங்கள் ஏறாதீர்கள். ஏறும்போது அசையாமல் நிற்கிறதா, தளர்ந்த லகானில் நடக்கிறதா, கேன்டரில் இருந்து மூன்று நான்கு உடல் நீளத்துக்குள் நிற்கிறதா, கூட்டத்தை விட்டுத் தனியாக வெளியே போகிறதா, திரும்பும்போது வேகத்தைக் கூட்டாமல் வருகிறதா. கடைசி இரண்டும்தான் சந்தை மைதானத்தில் சோதிக்க முடியாதவை, வீட்டுக்கு வந்த பிறகு பலரும் முட்டிக்கொள்வதும் அதில்தான். உங்கள் பக்கம் கிரானைட் லாரி, டிராக்டர், துரத்தும் நாய், காற்றில் படபடக்கும் தார்ப்பாய் எல்லாம் அன்றாடம். அவற்றைத் தாண்டி ஒருமுறையாவது நடத்திப் பாருங்கள். இன்னொரு நாள், வேறு நேரத்தில், மறுபடியும் போங்கள். இத்தனைக்குப் பிறகும் குணத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய இடத்தில் சாதுவாக இருந்தது புது இடத்தில் ஒரு மாதம் முரண்டு பிடிக்கலாம், மெலிந்த குதிரை சாதுவாக இருந்து தின்று தேறியதும் குணம் மாறலாம். இரண்டு வாரம் கொண்டுபோய் வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்பவரிடம் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. சந்தையில் அப்படி யாரும் தர மாட்டார்கள். அதனால் அந்தியூருக்குப் போங்கள், நூறு குதிரை பாருங்கள், பல்லைப் பிடித்துப் பழகுங்கள், ஆனால் ஓசூர், பெங்களூரு பக்கப் பயிற்சிப் பள்ளி எதிலாவது வாரம் முழுக்கப் பழகுநர்களைச் சுமக்கும் குதிரை விற்பனைக்கு வருகிறதா என்று கேட்டு வைத்து அங்கே வாங்குங்கள்.

விலை பேசி முடிக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம், அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக்கூடாது. ஓசூர் மத்திகிரிப் பண்ணை 1824-இல் குதிரை வளர்ப்புக்கென்றே தொடங்கப்பட்டது. இன்று நம் மாவட்ட மருத்துவர்கள் தினமும் பார்ப்பது மாடும் ஆடும்தான். முடிந்தால் பெங்களூருவிலிருந்து குதிரை பார்த்துப் பழகிய ஒருவரை வரவழையுங்கள். இதயமும் மூச்சும் ஓய்வில் ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை, ஆறவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இரத்தத்தில் கிளாண்டர்ஸ் என்னும் சளி நோய்க்கும், ஈ கடித்துப் பரவும் சர்ராவுக்கும் சோதனை கேளுங்கள். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும், மருந்து கொடுத்துக் காப்பாற்றும் நோயல்ல, உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கொன்றுவிட வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம்தான் இதற்கான ஆய்வில் முதன்மை. விற்பவர் சான்று நீட்டினால் தேதியையும், அதில் எழுதியுள்ள அடையாளமும் தோலுக்கடியில் வைத்த சிப்பின் எண்ணும் இந்தக் குதிரையோடு பொருந்துகின்றனவா என்பதையும் பாருங்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கலாம் என்று தோன்றினால், அன்றே எடுத்த இரத்தத்தைத் தனியாக வைத்திருக்கச் சொல்லலாம்.

தீவனக் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிடுங்கள். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு அதன் எடையில் 2 சதவீதம், அதாவது 8 கிலோ காய்ந்த தீவனம். மாதம் 240 கிலோ, வருடம் மூன்று டன்னுக்குச் சற்றுக் குறைவு. பசுந்தீவனத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஐந்து கிலோ பசும்புல்லை ஒரு கிலோவாக எண்ணுங்கள். உங்கள் ஊரில் கேழ்வரகுத் தாள் அறுவடையை ஒட்டிக் கார்த்திகை, மார்கழியில் மலிவு, அப்போதே போர் போட்டு வையுங்கள். அதோடு குதிரைமசால் கால் ஏக்கர் இருந்தால் புரதத்துக்குக் கவலையில்லை. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து ஒரு கிலோ போதும், மூட்டை மூட்டையாகக் கொடுத்தால் குதிரை கொழுக்கும், நீங்கள் கீழே விழுவீர்கள். கல் உப்பு தனியாக. தண்ணீர் நாளுக்கு 25 முதல் 40 லிட்டர், சித்திரையில் அதற்கும் மேல். உங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றில் புளோரைடு அதிகம் என்பது தெரிந்ததே, அது குதிரையின் பல்லையும் எலும்பையும்கூடக் கெடுக்கும், ஒகேனக்கல் குடிநீர் வந்தால் அதையே வையுங்கள்.

மாட்டுக்கு ஆகும் சில குதிரைக்கு ஆகாது, இங்கேதான் மாடு வளர்த்த வீடுகள் தவறுகின்றன. நேப்பியர் புல்லை மட்டுமே கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டு முக எலும்பு உப்பும்; அதோடு தவிட்டை அள்ளிப் போட்டால் இன்னும் விரைவாக. சோளப்பயிரை மேயவிட்டால் சிறுநீர்ப்பையும் பின்காலும் கெடும். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் கலக்கும் மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத்தைக் கொல்லும் விஷம், ஒரு குவளை சிந்தியதைக்கூட நக்க விடாதீர்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் மூளையைத் தாக்கும். நெடுஞ்சாலை நடுவிலும் பூந்தோட்டங்களிலும் நிற்கும் அரளியில் ஒரு கைப்பிடி இலை போதும். காய்ந்த இலையிலும் விஷம் அப்படியே இருக்கும், வெட்டிப் போட்ட அரளிக் கிளை தாளோடு கலந்துவிடாமல் பாருங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீனி மறுத்து, விலாவைத் திரும்பிப் பார்த்து, தரையைக் கீறி, புரண்டால் அது வயிற்று வலி. மாட்டுக்குச் செய்வதுபோல் எண்ணெயை வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தீவனத்தை எடுத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

குளம்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும். மாட்டு லாடம் அடிப்பவரிடம் விடாதீர்கள், இரட்டைக் குளம்பும் ஒற்றைக் குளம்பும் வேறு வேறு. பெங்களூரிலிருந்து ஓசூருக்கு வரும் லாடக்காரரின் சுற்றில் உங்கள் குதிரையையும் சேர்க்கச் சொல்லிப் பயிற்சிப் பள்ளியிலேயே பேசி வையுங்கள். டெட்டனஸ் ஊசி முதலில் 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு வருடம் ஒன்று. குளம்பில் ஆணி குத்தினால் மறுபடியும். குதிரை தனியாக இருக்காது, கத்திக்கொண்டே வேலியைத் தேய்க்கும். இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஆடோ மாடோ கண்ணில் படும்படி கட்டுங்கள். லாயம் 12-க்கு 12 அடி, தரை வழுக்காமல், காற்று மேலே வெளியேறும்படி.

வாங்கும் அன்று ஒரு தாளில் நிறம், அடையாளம், சிப் எண், வயது, தொகை, ‘சவாரிக்குப் பழகியது, நொண்டல் இல்லை’ என்ற வாக்கியம், இருவர் கையெழுத்து. வண்டியில் ஏற்றும் முன் பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று. கர்நாடக எல்லை தாண்டி வருவதானால் நோய்ச் சோதனை அறிக்கையின் பிரதியும் கையில் இருக்கட்டும். பழைய இடத்தில் தின்றுகொண்டிருந்த தீவனத்திலேயே ஒரு மூட்டை கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள், அந்தப் பத்து நாளும் சேணம் வேண்டாம், கையில் பிடித்து நடத்துங்கள்.